லிஃப்ட் ஸ்பிரிங் மாற்றி ஜிம்னியை மென்மையாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வண்டி மாருதி ஜிம்னி என்ற சிறிய ஜீப் வகை, 5 கதவு, மேனுவல் கியர். பழையதாக வாங்கினேன். முதலில் வைத்திருந்தவர் 2 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு) போட்டிருந்தார். வாங்கிய வாரமே ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். பாதி மலையில் முதுகு தாங்காமல் அம்மா இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். அடுத்த ஆறு மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டிக்கு அடியில்தான் போயின. அதன் பிறகு பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

லிஃப்ட் போட்டால் வண்டி கடினமாகத்தான் ஓடுமா?

இல்லை. உயரம் வேறு, விறைப்பு வேறு. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒரு ஸ்பிரிங்கின் மேல் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கிறது என்றால் மொத்தம் 150 மி.மீ. அமுங்கி நிற்கும். அதே நீளத்தில் இன்னொரு ஸ்பிரிங், ஆனால் 1 மி.மீ.க்கு 3 கிலோ கேட்பது. அது 100 மி.மீ. மட்டுமே அமுங்கும். வண்டி 50 மி.மீ., அதாவது 2 அங்குலம் உயர்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு குழியும் ஒன்றரை மடங்கு பலத்தோடு மேலே வரும்.

இப்போது முதல் ஸ்பிரிங்கையே, விறைப்பை மாற்றாமல், 50 மி.மீ. நீளமாகச் செய்து போடுங்கள். உயரம் அதே 2 அங்குலம் கூடும். ஓட்டம் பழையபடி மென்மையாகவே இருக்கும். வண்டி தன் ஸ்பிரிங்கின் மேல் ஆடும் வேகத்தைக் கணக்குப் போட்டால் முதலாவதில் வினாடிக்குச் சுமார் 1.3 தடவை, விறைப்பானதில் சுமார் 1.6 தடவை. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம். முதுகுக்கு அது பெரிய வித்தியாசம்.

அப்படியானால் லிஃப்ட் கிட்களில் ஏன் இவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் வருகிறது?

அவை சுமை ஏற்றுபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் இத்தகைய கிட்கள் பெரும்பாலும் சுமை வாரியாகத்தான் விற்கப்படுகின்றன: ஒன்றும் ஏற்றாத வண்டிக்கு ஒன்று, முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை) உள்ள வண்டிக்கு ஒன்று, எப்போதும் சாமான் நிரம்பிய வண்டிக்கு ஒன்று. மூன்றுக்கும் பெட்டி ஒரே மாதிரி, உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே. வாங்குபவர் "ஹெவி டியூட்டி என்றால் ரொம்ப நாள் உழைக்கும்" என்று நினைத்துக் கனமானதை எடுத்துவிடுகிறார்.

என் வண்டியில் நடந்ததும் இதுதான். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் 70, 80 கிலோ சாதாரணமாக வரும். அதற்கேற்ற ஸ்பிரிங்கைத்தான் முன்னால் போட்டிருந்தார்கள். விற்கும்போது இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு, கம்பெனி பம்பரைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள். ஸ்பிரிங் அப்படியே இருந்துவிட்டது. சுமக்க ஆளில்லாத ஸ்பிரிங் தன் பலத்தையெல்லாம் நம் மேல் காட்டும்.

இது பழைய வண்டிகளிலும் நிறைய உண்டு. முன்பக்க இரும்பு கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அதன் பிறகு பலர் கார்டைக் கழற்றினார்கள். அந்தக் கார்டுக்காகப் போட்ட ஸ்பிரிங் உள்ளே இருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையில் வாடகை ஜீப்பில் போனவர்களுக்கு இது உடம்பாலேயே தெரிந்திருக்கும். இரண்டு பேர் மட்டும் போனால் எலும்பு கழன்றுவிடும். ஏழு பேர் ஏறினால் அதே ஜீப் சாதுவாகிவிடும்.

ஸ்பிரிங்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மற்றவற்றை விலக்குங்கள். நானே அவசரப்பட்டு ஷாக் அப்சார்பர்களை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குபவை; சுருக்கமாக ஷாக்) மாற்றிவிட்டுத்தான் இந்தப் பாடத்தைக் கற்றேன்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோல் பங்கில் எந்தக் காருக்கும் கேட்காமல் 33, 35 பிஎஸ்ஐ அடித்து அனுப்புவார்கள். ஜிம்னி சுமார் 1,200 கிலோ வண்டி; அதற்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது, உங்கள் சொந்த கேஜில் பார்த்து வையுங்கள். சிலருக்குப் பிரச்சினை இந்த இடத்திலேயே பாதி தீர்ந்துவிட்டது.

அடுத்தது டயர். கம்பெனியில் வரும் 195/80 ஆர் 15 டயரை எடுத்துவிட்டு, பக்கச்சுவர் தடித்த மட் டயர் போட்டிருந்தால் சிறு கற்களின் அதிர்வெல்லாம் உள்ளே வரும். அதற்கு ஸ்பிரிங்கைக் குறை சொல்ல முடியாது. எப்படிப் பிரித்தறிவது? சின்னச் சின்ன நடுக்கமாக, ஸ்டீயரிங்கில் தெரிந்தால் டயர், காற்று, புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்). வேகத்தடையில் வண்டி முழுதாகத் தூக்கிப் போட்டால் ஸ்பிரிங் அல்லது ஷாக். ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் தளர்ந்திருக்கிறது. "டம்" என்று ஒரே அடி விழுந்தால் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) போய் பம்ப் ஸ்டாப்பில் (அதன் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) இடிக்கிறது.

கடைசியானதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பம்ப் ஸ்டாப் ரப்பர் போய் மோதும் இரும்புப் பரப்பில் சாக்பீஸைத் தடவிவிட்டு, வழக்கமாகப் போகும் பாதையில் ஓட்டிப் பாருங்கள். ரப்பரில் வெள்ளை ஒட்டியிருந்தால் இடித்திருக்கிறது. என் வண்டியில் முன்பக்கம் வால்பாறை போய் வந்த பிறகும் ஒட்டவில்லை. அவ்வளவு மோசமான சாலையிலும் ஸ்பிரிங் ஒரு தடவைகூட எல்லை வரை அமுங்கவில்லை என்றால், அது அந்த வண்டிக்கு விறைப்பு அதிகம் என்று சந்தேகிக்கலாம்.

சரியான ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எடை போடுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. லாரி எடைமேடை எல்லா ஊரிலும் இருக்கிறது. நீங்கள் வழக்கமாகப் பயணம் போகும் நிலையில், அதே ஆட்கள், அதே சாமான், முக்கால் டேங்க் பெட்ரோலோடு போங்கள். முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்க ஒரு எடை, வண்டி முழுதும் ஏறிய பிறகு ஒரு எடை. கழித்தால் பின்பக்கம் வந்துவிடும். மேடை 5 அல்லது 10 கிலோ முன்பின் காட்டலாம். பரவாயில்லை.

அந்தச் சீட்டோடு கடைக்காரரிடம் போய், "இந்த எடைக்கு எந்த ஸ்பிரிங்?" என்று கேளுங்கள். "எத்தனை அங்குலம் வேண்டும்?" என்று மட்டும் திருப்பிக் கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

ஜிம்னிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாடுகளில் 2018-இல் வந்தது 3 கதவு வண்டி. இந்தியாவில் 2023 ஜூனில் வந்தது 5 கதவு. நம்முடையது நீளமும் அதிகம், எடையும் ஏறக்குறைய 100 கிலோ அதிகம். 3 கதவு வண்டிக்கான பின் ஸ்பிரிங்கை இதில் போட்டால் குடும்பத்தோடு போகும்போது பின்பக்கம் உட்கார்ந்துவிடும். கிட் எந்த உடலுக்கானது என்று பெட்டியிலேயே பார்த்து வாங்குங்கள்.

நான் கடைசியில் போட்டது: முன்னால் சுமையில்லாத வண்டிக்கான ஸ்பிரிங், பின்னால் நடுத்தரச் சுமைக்கானது. முன்பின் ஒரே வகை போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உயரம் 40 மி.மீ.யாகக் குறைந்தது. பழைய 2 அங்குலத்தை விட்டுக் கொடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஸ்பிரிங்கில் எண்ணே இல்லை. விறைப்பை எப்படி அளப்பது?

வெர்னியர் ஒன்று போதும். ஸ்பிரிங்கின் விறைப்பை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: கம்பியின் தடிமன், சுருளின் அகலம், அசையும் சுற்றுகளின் எண்ணிக்கை. இதில் கம்பித் தடிமன்தான் ராஜா. விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும். சுருள் மாறாமல் கம்பி மட்டும் 12 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. ஆனால் விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். கையில் பிடித்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

சுற்றுகள் கூடினால் விறைப்பு குறையும். சுருள் அகலமானால் இன்னும் வேகமாகக் குறையும். பெயின்ட் தடிமனைக் கழித்து, மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். கம்பெனி ஸ்பிரிங்கும் கையில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுவது மிகச் சுலபம். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருந்தால் அது அமுங்க அமுங்க விறைப்பு கூடும் வகை. தனியாகப் போகும்போது மென்மை, சுமை ஏறினால் தாங்கும். கலப்பான உபயோகத்துக்கு எனக்கு அது பிடிக்கும்.

இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மென்மையாகிவிடாதா?

ஆகாது. இன்னும் விறைப்பாகும். 8 சுற்றில் 1 போனால் விறைப்பு சுமார் 14 சதவீதம் ஏறும், உயரமும் இறங்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம். எஃகின் பதம் போய்விடும். அப்படிச் செய்த ஸ்பிரிங் ஓடும்போது உடையலாம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் வைக்கும் வளையம்) போட்டால்?

உயரம் மட்டும் போதும், கம்பெனி ஸ்பிரிங்கின் மென்மை வேண்டும் என்பவர்களுக்கு 1 அங்குலம் வரை அது நல்ல வழி. ஸ்பிரிங்கின் விறைப்பை அது தொடுவதே இல்லை. ஷாக்கின் நீளம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விறைப்பான ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஸ்பேசரால் எந்தப் பயனும் இல்லை.

ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

விறைப்பான ஸ்பிரிங்கோடு வந்த ஷாக், அந்த ஸ்பிரிங் திரும்பி உதைப்பதை அடக்குவதற்காகச் செய்யப்பட்டது. மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு அதே ஷாக்கை வைத்தால், குழியில் இறங்கிய சக்கரம் மெதுவாகத்தான் வெளியே வரும். அதற்குள் அடுத்த குழி வந்துவிடும். வரிசையாகக் குழி உள்ள சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போய் கடைசியில் இடிக்கும். "சாஃப்ட் ஸ்பிரிங் போட்டும் அடிக்கிறதே" என்று சொல்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக் என்றால் மென்மையான பக்கம் திருப்பி வைத்துத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் வாங்கும் இடத்திலேயே அதற்குப் பொருந்தும் ஷாக்கைக் கேட்டு வாங்குவது நல்லது. நீளமும் முக்கியம். சக்கரம் தொங்கும்போது ஷாக்தான் கடைசியில் பிடித்து நிறுத்துகிறது; அது ஸ்பிரிங்கைவிட நீளமாக நீண்டால் ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து கழன்றுவிடும்.

வீட்டிலேயே மாற்ற முடியுமா?

ஜிம்னியில் முடியும். முன்னும் பின்னும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால் வேலை நேரடியானது. ஆனால் இரண்டு பேர் வேண்டும், ஒரு முழு நாள் வேண்டும், சமதளமான காங்கிரீட் தரை வேண்டும்.

தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பிறகு எதிர்முனைச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். ஆக்சிலுக்கு அடியில் வேறொரு ஜாக்கி. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையக் கூடாது. ஒரு தடவைகூடக் கூடாது.

ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். முன்பக்கத்தில் ஸ்டெபிலைசர் கம்பியின் (வளைவில் சாய்வதைக் குறைப்பது) இணைப்பையும், ஆக்சிலைக் குறுக்காகப் பிடிக்கும் பனார்ட் ராடின் ஒரு முனையையும் விடுவியுங்கள். இப்போது ஆக்சிலை மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போது உங்கள் கூட இருப்பவரின் ஒரே வேலை பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பார்த்துக்கொண்டிருப்பது. அவை இழுபட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஆக்சிலை ஒருபோதும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.

போதுமான அளவு இறங்கியதும் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். புதியதை வைக்கும்போது கம்பியின் முனை, இருக்கையில் அதற்கென்று உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். மேலே உள்ள ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சில கிட்களில் இடது வலது ஸ்பிரிங் நீளம் வேறு. சீட்டைப் படித்துவிட்டு வையுங்கள்.

அடுத்தது பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் தவறவிடும் வேலை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை (பனார்ட் ராடிலும், ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கைகளிலும் இருப்பவை) சக்கரம் காற்றில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. விரலால் போட்டு வைத்து, வண்டியை இறக்கி, சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு தடவை அமுக்கி விட்டுத்தான் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முறைப்படி இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். வண்டி விறைக்கும், புஷ் சீக்கிரம் கிழியும். என் வண்டியில் பழைய கிட்டைப் போட்ட ஒர்க்‌ஷாப் இதைத்தான் செய்திருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, நின்ற நிலையில் மறுபடி இறுக்கியபோதே, ஸ்பிரிங் மாற்றும் முன்பே, வண்டி கொஞ்சம் இளகியது. உங்கள் வண்டியில் ஏற்கெனவே லிஃப்ட் இருந்தால் காசில்லாத இந்த வேலையை இன்றே செய்து பாருங்கள்.

100 கி.மீ. ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் சரிபாருங்கள். 500 கி.மீ.யில் உயரத்தை மறுபடி அளந்தால் புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருப்பது தெரியும். அது இயல்பு.

மாற்றிய பிறகு ஸ்டீயரிங் அலைகிறது. என்ன கோளாறு?

காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம். வண்டி உயர்ந்தால் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் சாய்ந்து, ஆக்சிலே சற்று முன்னோக்கி உருண்டுவிடும். அதனால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாக நேராவது குறையும், நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இதற்கென்று துளை மையம் விலகிய புஷ்கள் கிடைக்கின்றன. 40 மி.மீ.க்கு மேல் உயர்த்தினால் அவை வேண்டும் என்பது என் கருத்து. பனார்ட் ராடு ஆக்சிலை ஒரு பக்கமாக இழுப்பதும் உண்டு. இரண்டு பக்கமும் டயர் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்தால் தெரிந்துவிடும். வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறினால் அது வேறு விஷயம். சக்கர பேலன்ஸ், கிங்பின் பேரிங் (முன்சக்கரம் திரும்பும் அச்சில் உள்ளது), புஷ், பனார்ட் ராடு எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் டாம்பரை (ஸ்டீயரிங் உதறலை அடக்கும் சிறு ஷாக்) மட்டும் மாற்றி அதை மூடி மறைக்காதீர்கள்.

மென்மையாக்கினால் மலை வளைவில் சாயாதா?

சாயும். கொஞ்சம் அதிகமாகவே. ஜிம்னி குறுகலான, உயரமான வண்டி. அதனால்தான் கிடைப்பதில் மிக மென்மையானதைத் தேடிப் போக வேண்டாம் என்கிறேன். மிகவும் இளகிய வண்டியில் பின்சீட்டில் குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். ஸ்டெபிலைசர் கம்பியைக் கழற்றிவிட்டு ரோட்டில் ஓட்டவே கூடாது.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மறுபடி அம்மாவோடு ஏறினேன். வளைவுகளில் முன்பைவிடக் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை அம்மா காட்சிமுனையில்தான் இறங்கினார்.

தார், ஜிப்ஸி வண்டிகளுக்கும் இது பொருந்துமா?

கொள்கை அதேதான், வேலை வேறு. 2020-இல் வந்த தாரில் முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு, ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங். அதைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அமுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிரே போகலாம். ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பின்பக்கம் முழு ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்கும்தான், அது ஜிம்னி போலவே.

ஜிப்ஸியில் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். பட்டறையில் ஒரு பட்டையைக் குறைத்துத் தருவார்கள், முதன்மைப் பட்டையை மட்டும் தொடக் கூடாது. அதற்கும் முன்னால், பட்டைகளைப் பிரித்துத் துருவைத் தேய்த்து எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். பட்டைக்குப் பட்டை உராய்ந்து இறுகிக்கிடப்பதே பாதி விறைப்புக்குக் காரணமாக இருக்கலாம்.

சட்டம், இன்சூரன்ஸ்?

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதில் அதே அளவு ஸ்பிரிங் போடுவதில் சிக்கல் இல்லை. உயரத்தைக் கூட்டுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மென்மைதான் உங்கள் தேவை என்றால் கம்பெனி ஸ்பிரிங்குக்கே திரும்புவது மிக எளிய வழி. லிஃப்ட் போட்டுவிட்டுப் பலர் அந்த செட்டை விற்கிறார்கள்.

கழற்றிய விறைப்பான ஸ்பிரிங்கை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். பம்பரும் வின்ச்சும் வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு அதுதான் சரியான ஸ்பிரிங். கம்பித் தடிமன், சுற்றுகள், தனியாக நிற்கும்போது உள்ள நீளம், முன்னா பின்னா, இடதா வலதா எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். என்னுடையதை வாங்கியவரிடம் முதலில் எடைமேடைச் சீட்டைத்தான் கேட்டேன்.